போறணையிலிருந்து வீட்டு ஓவனுக்கு: கிறிஸ்துமஸ் கேக் வீட்டுப் பலகாரமான வரலாறு

முன்னுரை

கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே கேக் சுட்டு உற்றார் உறவினருக்குக் கொடுப்பது, ஆங்கிலேயர் தொன்றுதொட்டுச் செய்துவரும் வழக்கம் என்றே பலரும் நினைக்கிறோம். உலர்பழம் நிறைந்த பண்டிகைக் கேக் பழையதுதான். ஆனால் அதைச் சாதாரணக் குடும்பம் தன் வீட்டிலேயே சுடத் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டுகூட ஆகியிருக்காது. மாவும் பழமும் கிடைத்தாலும், சுட ஓவன் வேண்டும். அது யார் வீட்டில் இருந்தது, மற்றவர் வீட்டுக்கு எப்போது வந்தது என்ற கேள்வியின் வழியே இங்கிலாந்தில் இவ்வழக்கம் வளர்ந்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

இருபது துண்டுகள்

கிறிஸ்துமஸுக்கென்று தனிக் கேக் வருவதற்கு முன், பண்டிகைக் காலத்தின் பெரிய கேக் ஜனவரி 6-ஆம் நாள், மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு உரியதாக இருந்தது. லண்டனில் கடற்படை நிர்வாகத்தில் உயர் பதவியில் இருந்த சாமுவேல் பீப்ஸ், 1668-ஆம் ஆண்டு அந்நாளில் தன் வீட்டில் நடந்த விருந்தை நாட்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். வேலைக்காரப் பெண் ஜேன் செய்த கேக் அது. செலவு ஏறக்குறைய 20 ஷில்லிங். விருந்தினர் அதிகமாகிவிட்டதால் அதை 20 துண்டுகளாக வெட்டினார்கள். கேக்கின் விலையையும் துண்டுகளின் எண்ணிக்கையையும் அவர் சேர்த்தே குறித்திருப்பது கவனிக்கத்தக்கது. வந்தவர் அனைவருக்கும் ஒரு துண்டாவது கிடைத்தாக வேண்டும் என்பதே அந்தக் கேக்கின் இலக்கணம்.

இத்தகைய கேக்குக்கு எவ்வளவு பொருளும் உழைப்பும் தேவைப்பட்டன என்பதை எலிசபெத் ராஃபால்டு 1769-இல் வெளியிட்ட சமையல் நூல் காட்டுகிறது. அதிலுள்ள திருமணக் கேக்குக்கு 4 ராத்தல் மாவு, 4 ராத்தல் வெண்ணெய், 2 ராத்தல் சர்க்கரை வேண்டும். ஒரு ராத்தல் மாவுக்கு 8 முட்டை. ஆக, 32 முட்டை. மாவை உப்ப வைக்கும் தூள் எதுவும் அன்று இல்லை. கையால் அடித்து ஏற்றிய காற்றுதான் கேக்கைத் தூக்கி நிறுத்தியது. வெண்கரு கெட்டியாக நுரைக்க வேண்டும். மஞ்சள் கருவை அரைமணி நேரமாவது அடிக்க வேண்டும். வேலையாட்கள் இல்லாத வீட்டில் இது நடக்கிற காரியமல்ல. கேக்கின் மேல் பாதாம் விழுதும் அதன்மேல் சர்க்கரைப் பூச்சும் இடும் முறையும் இந்நூலில் உள்ளது. இன்றைய கிறிஸ்துமஸ் கேக்கின் வெண்ணிற மேற்பூச்சுக்கு இதுவே முன்னோடி.

ஓவன் இல்லாத வீடுகள்

செங்கல் ஓவனில் சுடுவது எளிதல்ல. உள்ளே விறகைப் போட்டு எரித்து, செங்கல் சூடேறியதும் தணலை வாரி வெளியே தள்ளி, தேங்கிய சூட்டிலேயே சுட வேண்டும். முதற்சூட்டில் ரொட்டி, சூடு தணியத் தணியக் கேக். இதற்கு இடமும் விறகும் ஏராளமாக வேண்டும். நகரத்து ஏழை வீடுகளில் இருந்தது ஒரு கணப்பு மட்டுமே. அதில் கொதிக்க வைக்கலாம், வாட்டலாம். கேக் சுட முடியாது. அதே மாவையும் பழத்தையும் துணியில் கட்டிக் கொதிநீரில் வேகவைத்தால் புட்டிங். கேக்கும் புட்டிங்கும் பிரிந்த இடம் அடுப்படி என்பதே என் கருத்து.

1843-இல் வெளிவந்த சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ இந்நிலையைத் துல்லியமாகக் காட்டுகிறது. எளிய குமாஸ்தாவான கிராட்சிட் குடும்பத்தின் வாத்து ரொட்டிக் கடைக்காரரின் ஓவனில் வெந்து வீட்டுக்கு வருகிறது. புட்டிங் துணி வெளுக்கும் செப்புக் கொப்பரையில் வேகிறது. தெரு முழுவதும் மக்கள் தங்கள் விருந்தைத் தூக்கிக்கொண்டு ரொட்டிக் கடைகளுக்குப் போகிறார்கள். ஓவன் அன்று ஊருக்குப் பொதுவாக இருந்தது.

ஓவன் வீட்டுக்குள் வந்த விதம்

1780-இல் தாமஸ் ராபின்சன் காப்புரிமை பெற்ற இரும்பு அடுப்பில் நெருப்புக்குப் பக்கத்திலேயே ஓவன் அமைந்திருந்தது. முதலில் வசதியுள்ளோர் சமையலறைக்கும், பிறகு நடுத்தர வீடுகளுக்கும் இவ்வகை அடுப்பு பரவியது. 1843-இல் பர்மிங்காமின் ஆல்ஃபிரட் பேர்டு, ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காகப் பேக்கிங் பவுடரை உருவாக்கினார். 1861-இல் இசபெல்லா பீட்டன் தம் நூலில் தந்த கிறிஸ்துமஸ் கேக்கில் 2 முட்டை மட்டுமே உண்டு. ராஃபால்டின் கேக்கைவிடச் சிறியதுதான். ஆனாலும் வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் ஒரு மேசைக்கரண்டி வினிகரும் அதில் சேர்கின்றன. இரண்டும் கலந்ததும் பொங்கும் வாயு, அரைமணி நேரக் கைவலியை மிச்சப்படுத்தியது. மாவைக் கோப்பையால் அளக்கச் சொல்வதும் வேலையாட்கள் குறைந்த வீட்டுக்கு ஏற்ற முறையே.

1871-ஆம் ஆண்டுச் சட்டம் டிசம்பர் 26-ஐ வங்கி விடுமுறையாக்கியது. ஜனவரி 6-க்கு அப்படி விடுமுறை இல்லை. அந்நாளின் கேக் மெல்ல மறைய, அதன் பூச்சும் அலங்காரமும் கிறிஸ்துமஸுக்கு இடம் பெயர்ந்தன. 1874-இல் சர்க்கரை மீதான தீர்வை நீங்கியது. 1890-களில் ஒரு பென்னி நாணயம் போட்டால் அந்தக் காசுக்குரிய எரிவாயு தரும் மீட்டர்களும், வாடகைக்குக் கிடைத்த எரிவாயு அடுப்புகளும் தொழிலாளர் வீடுகளை எட்டின. 1923-இல் வந்த ‘ரெகுலோ’ என்ற வெப்பக்கட்டுப்பாட்டுக் குமிழ் கடைசித் தடையையும் அகற்றியது. ஓவனுக்குள் கைவிட்டுச் சூடு பார்த்துப் பழகாத புதுமணப்பெண்ணும், எண்ணைத் திருப்பி வைத்து, மணிக்கணக்கில் மெல்ல வேகும் பழக் கேக்கை நம்பிக்கையோடு சுடலாம் என்றாயிற்று.

பங்கீட்டுக் காலம்

உலகப்போரின்போது, 1940 ஜனவரி 8 முதல் வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டுக்கு வந்தன. தொடக்கத்தில் ஒருவருக்கு வாரத்துக்குச் சுமார் 113 கிராம் வெண்ணெய், 340 கிராம் சர்க்கரை. அதே ஆண்டு ஆகஸ்டில் கேக்கின்மேல் சர்க்கரைப் பூச்சிடுவதற்குத் தடை வந்தது. முன்பு பொருள் இருந்து ஓவன் இல்லாத வீடுகள் இருந்தன. இப்போது ஓவன் இருந்தும் பொருள் இல்லை. வழக்கம் வெறும் வசதியைச் சார்ந்ததென்றால் இங்கே அறுந்திருக்க வேண்டும். அறுந்துவிடவில்லை. வாரா வாரம் கிள்ளிச் சேர்த்த சர்க்கரை, முட்டைத்தூள், இனிப்புக்குத் துருவிய கேரட் ஆகியவற்றைக் கொண்டு கேக் செய்தார்கள். பங்கீடு முழுவதுமாக முடிந்த 1954 வரையிலும் கேக் சுடும் வழக்கம் அறாமல் நின்றது.

போறணையின் சாட்சி

இவ்வழக்கம் இங்கிலாந்தோடு நிற்கவில்லை. ஆங்கிலேயர் கேக் இலங்கையில் வேரூன்றியபோது மாவுக்குப் பதில் ரவை, பாதாமுக்குப் பதில் முந்திரி, ஐரோப்பியப் பழப்பாகுக்குத் துணையாகப் பூசணித் தோசி, மணத்துக்குப் பன்னீர் என்று மாறியது. ரொட்டிக் கடை ஓவனுக்கு ஈழத்தமிழில் போறணை என்று பெயர்; ‘ஃபோர்னோ’ என்ற போர்த்துக்கீசச் சொல்லின் வழிவந்தது. கொல்கத்தாவிலோ, வீட்டிலிருந்து மாவும் வெண்ணெயும் பழமும் கொண்டுபோய் பேக்கரியின் விறகு ஓவனில் கேக் சுட்டு வாங்கிவரும் வழக்கம் இன்றும் உண்டு. டிக்கன்ஸ் கண்ட தெருவை அங்கே இப்போதும் பார்க்கலாம்.

முடிவுரை

ஓவன் ஊர்ப் பொதுவிலிருந்து வீட்டுக்குள் நகர்ந்தது. கேக் மட்டும் ஒரு வீட்டின் பசிக்கேற்ற அளவுக்குச் சுருங்கவில்லை. 1668-இல் பீப்ஸ் வீட்டில் ஒரே கேக் 20 துண்டுகளானது. இலங்கை வீடுகளில், அங்கே ரிச் கேக் எனப்படும் கிறிஸ்துமஸ் கேக்கை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி அடுக்குகிறார்கள். துண்டு சிறுக்கச் சிறுக்க, அது போய்ச்சேரும் வீடுகள் பெருகுகின்றன. கேக் யாருக்காகச் சுடப்பட்டது என்பதை அந்தக் காகிதச் சுருள்களின் எண்ணிக்கையே சொல்லிவிடும்.