துளை சின்னது... ஆபரேஷனும் சின்னதா?

வடக்குப்பட்டு என்றதும் இப்போது பலருக்கு நினைவுக்கு வருவது 2022ல் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுதான். ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்திலேயே, மண்ணுக்கு அடியில் கற்கால மனிதன் செதுக்கிய கருவிகள் கிடைத்தன. அறுப்பதற்கு மனிதன் கருவி செய்த கதை அவ்வளவு பழையது. ஆனால் பெரிதாக அறுக்காமலே உடம்புக்குள் வேலை பார்க்கும் கதைக்கு வயது இருநூறு சொச்சம்தான். அதிலும் பித்தப்பையை அப்படி எடுக்க ஆரம்பித்து நாற்பது வருடம்தான் ஆகிறது.

இன்று அதே பகுதியில் கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போகிறவர்களிடம் லேப்ராஸ்கோப்பி என்ற பெயர் சர்வ சாதாரணம். பித்தப்பைக் கல், குடல்வால் வீக்கம், ஹெர்னியா, கர்ப்பப்பைக் கட்டி என்று எதுவானாலும், "மூணு ஓட்டைதான், ரெண்டே நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்" என்கிறார்கள். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்ற நிலையில் இருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இது காதில் தேன் பாய்கிற செய்தி. பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி இந்த சிகிச்சையின் வரலாற்றில் இருக்கிறது.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்

1806ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிலிப் போட்சினி என்ற மருத்துவர் ஒரு சின்னக் கருவியை அறிமுகப்படுத்தினார். ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கண்ணாடி, ஒரு குழாய். வெளிச்சத்தை உடம்பின் இயற்கையான வாசல்கள் வழியாக உள்ளே அனுப்பிப் பார்ப்பதுதான் யோசனை. எண்டோஸ்கோப்புக்குப் பாட்டன் என்று இதைச் சொல்லலாம்.

அதற்கு அடுத்த பெரிய தாவல் நடக்க ஏறக்குறைய நூறு வருடம் ஆனது. 1901ல் கெயார்க் கெல்லிங் என்பவர் ஒரு நாயின் வயிற்றுக்குள் காற்றை ஏற்றி, குழாய் விட்டுப் பார்த்துக் காட்டினார். வயிற்றுச் சுவர் மேலே எழும்பினால்தான் உள்ளே இடம் கிடைக்கும், உறுப்புகள் தெரியும். இன்றும் லேப்ராஸ்கோப்பியில் கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏற்றுவது இதற்காகத்தான். 1910ல் சுவீடனின் யாகோபேயஸ் இதை மனிதர்களிடம் செய்தார். பிறகு இங்கிலாந்தின் இயற்பியலாளர் ஹெரால்ட் ஹாப்கின்ஸ் கண்ணாடித் தண்டுகளை வைத்து லென்ஸ் அமைத்தார். உள்ளே மங்கலாகத் தெரிந்தது பளிச்சென்று தெரிய ஆரம்பித்தது.

இதுவரை எல்லாம் பெரும்பாலும் 'பார்க்கிற' வேலைதான். 'செய்கிற' வேலைக்கு வந்தபோதுதான் சண்டை ஆரம்பித்தது!

சிரித்தார்கள், பிறகு விருது கொடுத்தார்கள்

1980 செப்டம்பரில் ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் என்ற மகப்பேறு மருத்துவர் லேப்ராஸ்கோப் வழியாகவே குடல்வாலை அகற்றினார். பாராட்டு கிடைக்கவில்லை. இவரை மருத்துவம் பார்க்கவே விடக்கூடாது, சஸ்பெண்ட் செய்யுங்கள் என்று ஜெர்மன் அறுவை சிகிச்சைச் சங்கத்தின் தலைவரே கடிதம் எழுதினார்.

1985 செப்டம்பர் 12 அன்று போப்லிங்கன் என்ற ஊரில் எரிக் மூஹே முதல்முறையாக லேப்ராஸ்கோப் மூலம் பித்தப்பையை எடுத்தார். அடுத்த வருடம் மாநாட்டில் அதைச் சொன்னபோது கேலிதான் மிஞ்சியது. அதே சங்கம் 1992ல் அவருக்கு விருது கொடுத்தது. இடையில் 1987ல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே இதே ஆபரேஷனைச் செய்ய, வீடியோ கேமராவும் சேர்ந்துகொள்ள, உலகமே இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் 'புதுமையை எதிர்த்தவர்கள் தோற்றார்கள்' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அடுத்து நடந்ததுதான் நோயாளிகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி.

அவசரத்துக்குக் கொடுத்த விலை

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டிமாண்ட் எகிறியது. தழும்பு இல்லாத ஆபரேஷன் வேண்டும் என்று நோயாளிகள் கேட்டார்கள். மருத்துவமனைகளுக்குப் போட்டி. பல மருத்துவர்கள் வார இறுதியில் ஒரு குறுகிய பயிற்சியை முடித்துவிட்டு திங்கட்கிழமை ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார்கள்.

விளைவு? பித்தநாளம் என்ற மெல்லிய குழாயைத் தவறுதலாக வெட்டிவிடும் விபத்து அதிகமானது. பழைய முறையில் ஆயிரம் பேரில் ஒன்றிரண்டு பேருக்கு நேர்ந்தது, புதிய முறையில் நான்கைந்து பேர் வரை போனது. இந்தக் காயம் பட்டவருக்கு மறுபடி பெரிய ஆபரேஷன், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம், சிலருக்கு மரணம். 1992ல் நியூயார்க் மாநில சுகாதாரத் துறை தலையிட்டது. அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் குறைந்தது 15 ஆபரேஷன் செய்த பிறகே ஒரு மருத்துவர் தனியாகச் செய்யலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது.

1995ல் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அறுவை நிபுணரும் அவருடைய குழுவினரும் ஒரு எளிய ஒழுங்கை வலியுறுத்தினார்கள். வெட்டுவதற்கு முன் அந்த இடத்தை முழுதாகச் சுத்தம் செய்து, பித்தப்பைக்குள் போகும் குழாயும் ரத்தநாளமும் ஆக இரண்டே இரண்டு மட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வெட்டக்கூடாது. அவ்வளவுதான்! இன்று உலகம் முழுக்க இது சொல்லிக்கொடுக்கப்படுகிறது.

இந்தியாவில், கோவையில்

இந்தியாவில் லேப்ராஸ்கோப் மூலம் முதல் பித்தப்பை ஆபரேஷன் 1990ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் நடந்தது. செய்தவர் டாக்டர் தெஹ்ம்டன் உத்வாடியா. கவனிக்க வேண்டியது, அது அரசு மருத்துவமனை. உழைத்துச் சாப்பிடுகிற ஏழைக்குத்தான் சீக்கிரம் எழுந்து நடப்பது அதிக அவசியம் என்ற வாதத்துக்கு அதுவே சாட்சி.

தமிழ்நாட்டில் இந்தத் துறையின் பெரிய பெயர் கோவை ஜெம் மருத்துவமனையின் டாக்டர் சி. பழனிவேலு. ஏழைக் குடும்பத்தில் பிறந்து, இளமையில் மலேசியாவில் தோட்ட வேலை பார்த்து, பிறகு படித்து மருத்துவர் ஆனவர். 1990களில் இங்கே லேப்ராஸ்கோப்பியைப் பரப்பினார். பித்தப்பையோடு நிற்கவில்லை. கணையத்தின் தலைப்பகுதியை அகற்றும் மிகக் கடினமான ஆபரேஷனையும் துளை வழியே செய்தார்.

அந்த ஆபரேஷனைப் பற்றிய இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2017ல் பழனிவேலு குழுவின் ஆய்வு வெளியானது. 64 நோயாளிகள், பாதிப்பேருக்குத் திறந்த முறை, பாதிப்பேருக்குத் துளை முறை. திறந்த முறையில் மருத்துவமனையில் தங்கிய நாள் 13, துளை முறையில் 7. பெரிய லாபம்தான். ஆனால் 2019ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு வேறு கதை சொன்னது. துளை முறையில் 50 பேரில் 5 பேர் சிக்கல்களால் 90 நாட்களுக்குள் இறந்தார்கள், திறந்த முறையில் 49 பேரில் ஒருவர். எண்ணிக்கை சிறியது, அதை வைத்து இறுதித் தீர்ப்பு எழுத முடியாது. இருந்தாலும் பாதுகாப்பு கருதி ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

நெதர்லாந்து மருத்துவர்கள் ஒன்றும் கற்றுக்குட்டிகள் அல்ல. முறையாகப் பயிற்சி பெற்றவர்கள்தான். அப்படியும் இந்த வித்தியாசம். ஒரே பெயர் கொண்ட ஆபரேஷன் எல்லா இடத்திலும் ஒரே ஆபரேஷன் அல்ல என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நோயைப் பொறுத்தும் கணக்கு மாறும். கருப்பை வாய்ப் புற்றுநோயின் ஆரம்பக் கட்டத்தில் எந்த முறை நல்லது என்று 631 பெண்களிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு 2018ல் வெளியானது. நாலரை வருடம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த முறையில் 96.5 சதவீதம், துளை முறையில் 86 சதவீதம். அதாவது புதிய முறைதான் பின்தங்கியது. உலகம் முழுக்க மருத்துவர்கள் அந்த நோய்க்குப் பழைய முறைக்கே திரும்ப வேண்டி வந்தது.

பிலாஸ்பூரும் ஒரு கையெழுத்தும்

இந்தியாவில் லட்சக்கணக்கான ஏழைப் பெண்களுக்கு லேப்ராஸ்கோப் அறிமுகமானது பித்தப்பைக்காக அல்ல, குடும்பக் கட்டுப்பாட்டுக்காக. வேகமாக முடியும் என்பதால் முகாம்களில் இதை வைத்தே எண்ணிக்கையைக் கூட்டினார்கள். 2014 நவம்பர் 8 அன்று சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். அரசு விதிப்படி ஒரு குழு ஒரு நாளைக்கு 30க்கு மேல் செய்யக்கூடாது. அங்கும் அடுத்து நடந்த முகாமிலும் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களில் 13 பேர் இறந்தார்கள். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகளுக்குள் இப்படிப்பட்ட முகாம்களை நிறுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது.

அந்தப் பெண்கள் வயிற்றில் இருந்ததும் சின்னத் துளைதான்.

இன்னொரு வழக்கு 2008 ஜனவரியில் முடிந்தது. 1995ல் டெல்லியில் ஒரு பெண் லேப்ராஸ்கோப் மூலம் பரிசோதனைக்கென்று சம்மதித்து மயக்கத்துக்குப் போனார். மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே இருந்த தாயாரிடம் கையெழுத்து வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது, உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது சுயநினைவுள்ள வயதுவந்தவரின் சம்மதத்தைக் குடும்பத்தார் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியாவில் நோயாளியின் சம்மதம் பற்றிப் பேசும் எவரும் இன்றும் இந்தத் தீர்ப்பைத்தான் முதலில் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அப்படியானால் நோயாளி என்ன கேட்க வேண்டும்?

இந்த வரலாறு யாரையும் பயமுறுத்த அல்ல. பித்தப்பைக்கும் குடல்வாலுக்கும் பெரும்பாலானோருக்கு இதுவே நல்ல முறை. வலி குறைவு, காயத்தில் சீழ் பிடிப்பது குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். ஆனால் கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்விகளைக் கேட்பது நல்லது.

1. இந்த ஆபரேஷனைச் செய்யப்போகிறவர் இதற்கு முன் எத்தனை செய்திருக்கிறார்? இதைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

2. என் நோய்க்கு இந்த முறைதான் நல்லதா, திறந்த முறையா? ஏன்?

3. நடுவில் திறந்த முறைக்கு மாற வேண்டி வந்தால்? நூற்றில் சிலருக்கு இப்படி ஆகும். அது தோல்வி அல்ல. உள்ளே சரியாகத் தெரியாதபோது வயிற்றைத் திறக்கிற மருத்துவர் நோயாளியைக் காப்பாற்றுகிறார்.

4. நான் கையெழுத்துப் போடும் தாளில் என்னென்ன செய்வதாக இருக்கிறது? புரியாத வரியைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை.

செலவையும் முன்பே விசாரிக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளிக்கு அந்த வழி இருக்கிறது. 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளவர்கள், தங்கள் ஆபரேஷன் அதில் வருகிறதா, அந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்று அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றிரண்டு நாள் தோள்பட்டை வலிக்கலாம். பலர் மாரடைப்போ என்று பயந்துவிடுகிறார்கள். உள்ளே ஏற்றிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் இந்த வலி வருவதுண்டு, தானாகவே போய்விடும். மார்பில் அழுத்தமோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. அதே போல, குறைய வேண்டிய வயிற்று வலி கூடிக்கொண்டே போனால், காய்ச்சல், விடாத வாந்தி, கண்ணில் மஞ்சள் நிறம் தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். வெளிக்காயம் ஆறிவிட்டது என்பதற்காக மூன்றாம் நாளே பாரம் தூக்கும் வேலைக்கு ஓடவும் கூடாது. உள்ளே ஆற வேண்டியது இன்னும் இருக்கிறது. எத்தனை நாள் ஓய்வு என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி சூப்பர்வைசரிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

மெழுகுவர்த்தியில் தொடங்கி ரோபோ வரை கருவி வந்துவிட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் நோயாளியைக் காப்பாற்றியது துளையின் அளவு அல்ல. கருவியைப் பிடித்த கையின் அனுபவமும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திய நிதானமும்தான். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் காசு செலவில்லை.