சட்டைப்பைக் கருவிகளும் விமானப் பாதுகாப்பும்

பேனாக்கத்தி, மடக்குக்கத்தி, பல கருவிகளை ஒன்றாக மடக்கி வைத்த பல்பயன் கருவி ஆகியவை அன்றாடம் உடன் கொண்டு செல்லப்படும் சட்டைப்பைக் கருவிகள். 20-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இவை விமானப் பயணிகளின் பைகளிலும் இயல்பாக இருந்தன. 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின் பெரும்பாலான நாடுகள் இவற்றைத் தடை செய்தன. பிறகு சில நாடுகள் தடையைத் தளர்த்தின. எது விமானத்துக்குள் செல்லலாம் என்பதைப் பெரும்பாலும் கருவியின் அலகு (வெட்டும் பகுதி), அதன் நீளம் ஆகியவை தீர்மானிக்கின்றன. அந்த அளவு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

தோற்றம்

இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்குப் பயன்பட்ட சிறு கத்தியே பேனாக்கத்தி. எஃகு முனைப் பேனாக்கள் வந்து இறகுப் பேனா மறைந்த பிறகும் அப்பெயர் நிலைத்துவிட்டது. தமிழிலும் அதே பொருளில் வழங்குகிறது.

பல கருவிகளைக் கொண்ட சட்டைப்பைக் கத்திக்கு உலகப் புகழ் தந்தது சுவிட்சர்லாந்து ராணுவம். புதிய துப்பாக்கியைக் கழற்றித் துடைக்கத் திருப்புளியும், டப்பா உணவைத் திறக்கத் திறப்பானும் வீரர்களுக்குத் தேவைப்பட்டன. இவற்றுடன் ஓர் அலகும் துளையிடும் ஊசியும் சேர்ந்த கத்தியை ராணுவம் வடிவமைத்தது. முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்தது. 1884-இல் ஈபாக் என்னும் ஊரில் கத்திப் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்செனர் 1891-இல் அந்தப் பணியை உள்நாட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் உருவாக்கிய அதிகாரிகள் கத்தி 1897 ஜூன் 12 அன்று பதிவு செய்யப்பட்டது. எல்செனரின் தாயார் விக்டோரியாவின் பெயரும், துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ என்னும் சொல்லும் இணைந்து 1921-இல் விக்டோரினாக்ஸ் என்னும் பெயர் பிறந்தது.

பல்பயன் கருவியின் இன்னொரு வடிவம் அமெரிக்காவில் தோன்றியது. டிம் லெதர்மேன் 1975-இல் தன் மனைவியுடன் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா முழுவதும் பயணம் செய்தார். வழியில் காரும், தங்கிய விடுதிகளின் குழாய்களும் அடிக்கடி பழுதாயின. அவரிடம் சாரணர் கத்தி ஒன்று இருந்தது, குறடு இல்லை. ஊர் திரும்பியதும் குறட்டை மையமாகக் கொண்ட மடக்குக் கருவி ஒன்றை வடிவமைக்கத் தொடங்கினார். பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1983-இல் போர்ட்லாந்து நகரில் நிறுவனம் தொடங்கி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

2001-க்கு முந்தைய விதிகள்

தொடக்க காலத்தில் விமானப் பயணிகளை யாரும் சோதிக்கவில்லை. 1968 முதல் 1972 வரை அமெரிக்காவில் 130-க்கும் மேற்பட்ட விமானக் கடத்தல்களும் கடத்தல் முயற்சிகளும் நடந்தன. இதன் விளைவாக 1973 ஜனவரி 5 முதல் அந்நாட்டில் எல்லாப் பயணிகளையும் கைப்பைகளையும் சோதிப்பது கட்டாயமானது. அதிகாரிகள் தேடியவை துப்பாக்கியும் வெடிகுண்டும். சிறு கத்தி பெரிய ஆபத்தாகக் கருதப்படவில்லை. 4 அங்குலத்துக்கு (சுமார் 10 செ.மீ.) குறைவான அலகு கொண்ட கத்திகள் அனுமதிக்கப்பட்டன.

கடத்தல்காரர்கள் விமானத்தை எங்காவது இறக்கிப் பேரம் பேசுவார்கள் என்பது அக்காலத்தின் பொது அனுபவம். எதிர்க்காமல் ஒத்துழைப்பதே உயிர்களைக் காக்கும் என்று விமானப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. விமானி அறையின் கதவும் எளிதில் உடைக்கக்கூடியதாகவே இருந்தது.

செப்டம்பர் 11-உம் முழுத் தடையும்

2001 செப்டம்பர் 11 அன்று 19 பேர் நான்கு விமானங்களைக் கடத்தினர். அவர்கள் சிறு கத்திகளைப் பயன்படுத்தியதை விமானங்களிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகள் தெரிவித்தன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 11-ஆம் எண் விமானத்தின் பணியாளர் பெட்டி ஓங், சக பணியாளர்கள் இருவர் குத்தப்பட்டதைத் தரையில் இருந்தவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். அன்று இறந்த ஏறத்தாழ 3,000 பேரில் 25 பேர் விமானப் பணியாளர்கள்.

அதன் பின் எல்லா அளவுக் கத்திகளும் விமானத்துக்குள் தடை செய்யப்பட்டன. கத்தரிக்கோலும் திருப்புளியும் பறிமுதலாயின. பல இடங்களில் நகவெட்டியும் தப்பவில்லை. 2001 நவம்பர் 19 அன்று இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமெரிக்காவில் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் உருவானது.

தடையின் விளைவு ஈபாக் ஊரை நேரடியாகத் தாக்கியது. விமான நிலையக் கடைகள் சட்டைப்பைக் கத்திகளை விற்பதை நிறுத்தின. விக்டோரினாக்ஸின் கத்தி விற்பனை சில மாதங்களில் 30 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. நிறுவனம் ஆட்குறைப்பு செய்யாமல் வேலை நேரத்தைக் குறைத்தது. தொழிலாளர் சிலரை அக்கம்பக்கத்து நிறுவனங்களுக்குத் தற்காலிகமாக அனுப்பியது. கைக்கடிகாரம், பயணப்பெட்டி போன்ற பொருள்களில் கூடுதல் கவனம் செலுத்தியது. ராணுவக் கத்திகளை உற்பத்தி செய்துவந்த மற்றொரு சுவிஸ் நிறுவனமான வெங்கர் நெருக்கடியில் விழ, 2005-இல் விக்டோரினாக்ஸ் அதை வாங்கியது.

2005-ஆம் ஆண்டுத் தளர்வு

2003-க்குள் அமெரிக்கப் பயணியர் விமானங்களில் விமானி அறைக் கதவுகள் வலுப்படுத்தப்பட்டன. சிறு கருவியைக் கொண்டு விமானத்தைக் கைப்பற்றுவது கடினமானது. சோதனை அதிகாரிகளின் நேரம் கத்தரிக்கோல்களைத் தேடுவதில் செலவாவதை விட வெடிபொருள்களைத் தேடுவதில் செலவாக வேண்டும் என்று நிர்வாகம் வாதிட்டது. 2005 டிசம்பர் 22 முதல் 4 அங்குலத்துக்குக் குறைவான அலகு கொண்ட கத்தரிக்கோல்களும், 7 அங்குலம் (சுமார் 18 செ.மீ.) வரையிலான திருப்புளி, குறடு, திருகுசாவி ஆகியவையும் அனுமதிக்கப்பட்டன. கத்திக்கான தடை தொடர்ந்தது.

இதனால் ஒரு முரண் உருவானது. விக்டோரினாக்ஸின் சிறிய ‘கிளாசிக்’ கத்தி மடக்கிய நிலையில் 5.8 செ.மீ. நீளமே உடையது. அது தடை செய்யப்பட்டது. அதன் அலகைவிட நீளமான கத்தரிக்கோல் அனுமதிக்கப்பட்டது.

அலகில்லாக் கருவிகள்

இந்த விதிக்குள் அடங்கும் வகையில் உற்பத்தியாளர்கள் கருவியின் வடிவத்தையே மாற்றினர். லெதர்மேன் நிறுவனத்தின் ‘ஸ்டைல் பிஎஸ்’ குறடு, கத்தரிக்கோல், நகம் தேய்க்கும் அரம், திருப்புளி ஆகியவற்றைக் கொண்டது. கத்தி அலகு இல்லை. விக்டோரினாக்ஸின் ‘ஜெட்செட்டர்’ வகையும் அப்படியே. 2015-இல் லெதர்மேன் ‘டிரெட்’ என்னும் கைவளையத்தை அறிமுகப்படுத்தியது. அதன் ஒவ்வொரு கண்ணியும் ஒரு சிறு கருவி. அந்நிறுவனத்தின் தலைவர் ஒரு கேளிக்கைப் பூங்காவின் வாயிலில் பல்பயன் கருவியுடன் தடுக்கப்பட்ட அனுபவமே இதற்குத் தூண்டுதல்.

அலகை நீக்கினாலும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. மடக்கிய பல்பயன் கருவி எக்ஸ்-ரே திரையில் அடர்ந்த உலோகத் துண்டாகத் தெரியும். உள்ளே அலகு உண்டா இல்லையா என்பதை அறியப் பையைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். விதி அனுமதித்த பொருளையும் மறுக்கும் அதிகாரம் அமெரிக்காவில் சோதனை அதிகாரிக்கு உண்டு.

2013-ஆம் ஆண்டு விவாதம்

2013 மார்ச் 5 அன்று அமெரிக்க நிர்வாகத்தின் தலைவர் ஜான் பிஸ்டோல் புதிய தளர்வை அறிவித்தார். 6 செ.மீ.க்கு மேற்படாத, அரை அங்குலத்துக்குக் குறைவான அகலமுள்ள, விரித்த நிலையில் பூட்டிக்கொள்ளாத சிறு கத்திகள் ஏப்ரல் 25 முதல் அனுமதிக்கப்படும் என்றார். பன்னாட்டு நடைமுறையுடன் இணங்குவதும் பெரிய ஆபத்துகளில் கவனத்தைக் குவிப்பதும் அவர் கூறிய காரணங்கள்.

ஏறத்தாழ 90,000 விமானப் பணியாளர்களின் சார்பில் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு இதை எதிர்த்தது. வலுவான கதவு விமானிகளைக் காக்கும். ஆனால் பணியாளர்களும் பயணிகளும் அந்தக் கதவுக்கு வெளியே இருக்கிறார்கள் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். சில விமான நிறுவனங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் எதிர்ப்பில் சேர்ந்தனர். ஏப்ரல் 22 அன்று திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ஜூன் 5 அன்று கைவிடப்பட்டது. விமானம் கைப்பற்றப்படுமா என்பது நிர்வாகத்தின் கேள்வியாகவும், விமானத்துக்குள் ஒருவர் தாக்கப்பட்டால் என்ன ஆகும் என்பது பணியாளர்களின் கேள்வியாகவும் இருந்தது.

6 செ.மீ. எல்லை

ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகு கொண்ட கத்திகளும் கத்தரிக்கோல்களுமே தடை செய்யப்பட்டவை. 2017 நவம்பர் 27 முதல் கனடாவும் 6 செ.மீ. வரையிலான சிறு அலகுகளை அனுமதித்தது. சவர அலகுகளுக்கும் அட்டைப்பெட்டி வெட்டும் கத்திகளுக்கும் தடை நீடித்தது. அமெரிக்காவுக்குச் செல்லும் விமானங்களுக்கு இத்தளர்வு பொருந்தாது. ஆகவே பாரிஸில் விமானத்துக்குள் செல்லும் கத்தி, திரும்பும் வழியில் நியூயார்க்கில் தடுக்கப்படும்.

இந்தியாவில்

1981 செப்டம்பர் 29 அன்று டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தைக் கிர்பான் ஏந்தியவர்கள் லாகூருக்குக் கடத்தினர். 1999 டிசம்பர் 24 அன்று காத்மாண்டுவிலிருந்து புறப்பட்ட ஐசி 814 விமானம் கடத்தப்பட்டபோது பயணி ஒருவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அதன் பின் 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, விமான நிலையங்களின் பாதுகாப்பு மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையிடம் படிப்படியாக ஒப்படைக்கப்பட்டது. விதிகளை வகுப்பது சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம். சட்டைப்பைக் கத்திகள் கைப்பையில் அனுமதிக்கப்படுவதில்லை. பதிவு செய்யும் பெட்டியில் வைத்து அனுப்பலாம்.

சீக்கியர்களின் கிர்பான் இதற்கு விலக்கு. அதை அணிவது சமய உரிமையின் பகுதி என்று அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவின் விளக்கம் கூறுகிறது. 2022 மார்ச் மாத ஆணையின்படி 6 அங்குலத்துக்கு மேற்படாத அலகும் 9 அங்குலத்துக்கு மேற்படாத மொத்த நீளமும் கொண்ட கிர்பானுடன் உள்நாட்டு விமானங்களில் செல்லலாம்.

கைவிடப்படும் கருவிகள்

சோதனையில் சிக்கும் கருவியைப் பெட்டியில் சேர்த்து அனுப்ப நேரமில்லாத பயணி அதை விட்டுச்செல்ல நேர்கிறது. அமெரிக்காவில் இவ்வாறு சேரும் பொருள்கள் மாநில அரசுகளிடம் ஒப்படைக்கப்படுகின்றன. பென்சில்வேனியா போன்ற மாநிலங்கள் அவற்றை மொத்தமாக விற்கின்றன.

2024-இல் விக்டோரினாக்ஸின் தலைவரான கார்ல் எல்செனர், நிறுவனரின் வழித்தோன்றல், அலகில்லாத சட்டைப்பைக் கருவிகளை நிறுவனம் உருவாக்கிவருவதாக அறிவித்தார். பல நாடுகளில் கத்திகள் மீதான கட்டுப்பாடு பெருகுவதே அவர் சொன்ன காரணம். துப்பாக்கியைக் கழற்றவும் டப்பாவைத் திறக்கவும் தோன்றிய கருவியில் திருப்புளியும் திறப்பானும் எந்தச் சோதனைச் சாவடியையும் பெரிதாக அச்சுறுத்தவில்லை. 130 ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றில் கேள்விக்குள்ளானது அதன் அலகு மட்டுமே.