வழியின் ஆபத்து யார் தலையில்? கடன் அட்டை மோசடியின் வரலாறு

பக்தாதில் பொன்னை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு தாளை மட்டும் மடித்துவைத்துக்கொண்டு புறப்படும் வணிகர், எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் அத்தாளைக் காட்டித் தம் பணத்தைப் பெற்றுக்கொள்வார். அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்தில் பரவலாக வழங்கிய இம்முறைக்கு ஸுஃப்தஜா என்று பெயர். பாலைவழியில் கொள்ளையர் மறித்தாலும் அவர்கள் கைக்குப் பொன் அகப்படாது. ஃபிக்ஹு அறிஞர்கள் இதைக் குறித்து நெடிது விவாதித்தனர். பணத்தைக் கடனாகக் கொடுத்தவர் வழியின் ஆபத்திலிருந்து தப்பிக்கிறார். அது கடனால் விளைந்த ஆதாயம் ஆகாதா என்று ஹனஃபி அறிஞர்கள் ஐயுற்றனர். இரு தரப்பாருக்கும் நன்மை இருப்பதால் குற்றமில்லை என்றார் இப்னு தைமிய்யா.

அந்த விவாதத்தின் மையத்தில் இருந்த வினா எளியது. வழியில் ஆபத்து இருக்கிறது. அதைச் சுமக்க வேண்டியவர் யார்? நம் சட்டைப்பையில் இருக்கும் கடன் அட்டையின் வரலாறும் இந்த ஒரே வினாவைச் சுற்றியே சுழல்கிறது என்பது எங்கள் கருத்து. (அட்டையின் வட்டி குறித்த மார்க்க விவாதம் தனியானது, அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.)

1958 செப்டம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்து ஃப்ரெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 பேருக்கு அஞ்சலில் ஓர் அட்டை வந்துசேர்ந்தது. அவர்களில் எவரும் அதைக் கேட்கவில்லை. பேங்க் ஆஃப் அமெரிக்கா தானாகவே அனுப்பிவைத்தது. அடுத்த ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் அம்மாநிலமெங்கும் 20 இலட்சம் அட்டைகள் பரவின. நூற்றுக்கு நான்கு பேர் தவணை தவறுவார்கள் என்று திட்டத்தின் தலைவர் ஜோசஃப் வில்லியம்ஸ் கணக்கிட்டிருந்தார். தவறியவர்களோ நூற்றுக்கு 22 பேர். அதனுடன் திருட்டும் சேர்ந்துகொண்டது. அஞ்சல் பெட்டியிலிருந்தே அட்டையை எடுத்துச் சென்றவர்களும், அட்டை எண்ணை வைத்துப் பொய் இரசீது எழுதிய கடைக்காரர்களும் லாஸ் ஏஞ்சலிஸில் பெருகினர். வங்கி 88 இலட்சம் டாலர் நட்டத்தை ஒப்புக்கொண்டது. வில்லியம்ஸ் பதவி விலகினார்.

இதிலிருந்து பிற வங்கிகள் பாடம் கற்றிருக்கும் என்று நாம் எண்ணுவோம். 1966 இறுதியில் சிக்காகோ நகர வங்கிகள் போட்டி போட்டுக்கொண்டு சுமார் 50 இலட்சம் அட்டைகளை அஞ்சலில் அனுப்பின. கைக்குழந்தைகளின் பெயரில் அட்டை வந்தது. இறந்தவர் பெயரிலும் வந்தது. அஞ்சல் ஊழியர் சிலரே அட்டைகளைத் திருடி விற்றனர். கண்ணால் காணாத அட்டைக்காகக் கட்டணச் சீட்டு வந்து நின்றபோதுதான் மக்கள் கொதித்தெழுந்தனர். 1970இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கேட்காதவருக்கு அட்டை அனுப்பக் கூடாது. திருடப்பட்ட அட்டையால் நேரும் நட்டத்தில் உரிமையாளர் சுமக்க வேண்டியது 50 டாலருக்கு மேற்படக் கூடாது.

இந்த 50 டாலர் வரம்பே எல்லாவற்றையும் மாற்றியது என்போம். அதுவரை கடைக்காரர்கள் திருட்டு அட்டை எண்கள் அச்சிடப்பட்ட சிறு நூலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டும், பெருந்தொகைக்கு மட்டும் வங்கிக்குத் தொலைபேசியில் அழைத்துக் காத்துக்கொண்டும் இருந்தனர். நட்டம் தங்கள் தலையில் விழத் தொடங்கியதும் வங்கிகளுக்கு விழிப்பு வந்தது. 1973இல் கணினிவழி ஒப்புதல் முறை நடைமுறைக்கு வந்தது. அட்டையின் பின்புறம் காந்தப்பட்டை பரவியது. ஐபிஎம் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி அந்தப் பட்டையை அட்டையில் ஒட்டும் வழியறியாது தவித்தபோது, துணி தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் பாருங்கள் என்றாராம். ஒட்டிக்கொண்டது.

இனி இரு வழக்குகளைச் சற்று நின்று பார்ப்போம்.

1980இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் கணக்கிலிருந்து இயந்திரத்தின் வழியாக 800 டாலர் எடுக்கப்பட்டிருந்தது. தாம் எடுக்கவில்லை என்றார் அவர். அட்டையும் இரகசிய எண்ணும் இல்லாமல் எவராலும் எடுக்க முடியாது என்று கணினி அச்சுத் தாள்களை நீட்டியது வங்கி. அந்த நேரத்தில் தாம் பணியில் இருந்ததற்கு நிறுவனத்தின் கடிதத்தை முன்வைத்தார் பெண்மணி. நம்பத்தக்க மனிதரின் சொல்லுக்கு எதிராக இயந்திரத்தின் சாட்சியம் தானாகவே வென்றுவிடும் என ஏற்க நீதிமன்றம் மறுத்தது. பணம் திரும்பியது.

1992இல் இங்கிலாந்தில் ஒரு காவலர் விடுமுறை முடிந்து வீடு திரும்பியபோது, கணக்கில் 460 பவுண்டு குறைந்திருப்பதைக் கண்டு முறையிட்டார். எங்கள் இயந்திரம் தவறாது என்றது நிதி நிறுவனம். பொய்ப் புகார் கொடுத்து ஏமாற்ற முயன்றதாக அவர்மீதே வழக்குத் தொடுக்கப்பட்டு, 1994இல் குற்றவாளி என்று தீர்ப்பும் வந்தது. நிறுவனத்தின் கணினி அமைப்பை ஆராய எதிர்த்தரப்பு வல்லுநருக்கு அனுமதி மறுக்கப்பட்டதால், 1996இல் மேல்முறையீட்டில் விடுதலை பெற்றார். அந்த வல்லுநர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ராஸ் ஆண்டர்சன். நட்டத்தை வங்கி சுமந்த அமெரிக்காவில் பாதுகாப்பு மேம்பட்டது. வாடிக்கையாளரைச் சுமக்கவிட்ட பிரிட்டனில் வங்கிகள் அலட்சியமாயின என்று அவர் எழுதினார்.

பூட்டின் கதையைச் சுருங்கச் சொல்லலாம். காந்தப்பட்டையை எளிதாக நகலெடுக்க முடிந்தது. பிரெஞ்சுக்காரர் ரோலான் மொரேனோ 1974இல் காப்புரிமை பெற்ற சிப் முறையை 1992க்குள் பிரான்சின் வங்கி அட்டைகள் அனைத்தும் ஏற்றன. பிரிட்டன் 2006இல் சிப்புடன் இரகசிய எண்ணையும் கட்டாயமாக்கியது. அமெரிக்கா மட்டும் சோம்பிக் கிடந்தது. 2015 அக்டோபர் 1 முதல், சிப் படிக்கும் கருவி வைக்காத கடைக்காரரே போலி அட்டையின் நட்டத்தை ஏற்க வேண்டும் என்று அட்டை நிறுவனங்கள் விதித்த பின்னரே அங்குள்ள கடைகள் கருவியை மாற்றத் தொடங்கின. மீண்டும் அதே வினா, அதே விடை.

நம் நாட்டுக்கு வருவோம். அட்டை எண், காலாவதித் தேதி, பின்புறத்து மூன்று இலக்கங்கள் ஆகியவை தெரிந்தால் போதும், இணையத்தில் எவரும் நம் பணத்தைச் செலவிடலாம் என்ற நிலை இங்கும் இருந்தது. 2009 ஆகஸ்ட் முதல் இணையவழி அட்டைப் பரிவர்த்தனைக்கு அட்டையில் அச்சிடப்படாத மற்றொரு சான்றும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. உலகின் பல நாடுகள் பின்னரே எடுத்த முடிவு அது. இன்று நம் கைப்பேசிக்கு வரும் ஓடிபி அந்த விதியிலிருந்து பிறந்ததே. 2020இல் வந்த விதியின்படி வழங்கப்படும் அட்டைகளில் இணையப் பயன்பாடும் வெளிநாட்டுப் பயன்பாடும் நாம் திறந்தாலன்றி மூடியே இருக்கும். அன்றாட வரம்பையும் நாமே குறைத்துக்கொள்ளலாம். வங்கியின் செயலியில் இந்தச் சாவி இருப்பதைப் பலர் அறியார். உம்ராவுக்குச் செல்லும் வாரத்தில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, திரும்பியதும் மூடிவிடலாம்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையே அந்தப் பழைய வினாவுக்கு நம் நாடு தந்த விடை. வங்கியின் குறைபாட்டால் பணம் போனால் நட்டம் முழுவதும் வங்கிக்கு. இருவர் மீதும் பிழையில்லாமல் வேறெங்கோ தகவல் கசிந்து பணம் போயிருந்தால், மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தவருக்கு நட்டமில்லை. நான்கிலிருந்து ஏழு நாள்களுக்குள் தெரிவித்தால் நட்டத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்கும் பிந்தினால் வங்கியின் கொள்கைப்படி. வாடிக்கையாளரே பொறுப்பு என்று மெய்ப்பிக்கும் கடமையும் வங்கியுடையதே.

ஆனால் அதே சுற்றறிக்கையில் மற்றொரு விதியும் உண்டு. இரகசிய எண்ணை நாமே பிறரிடம் கூறிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம்வரை போகும் பணம் நம்முடையது. தெரிவித்த பின் போவது வங்கியுடையது.

திருடர்கள் இதை நன்றாகப் படித்திருக்கிறார்கள். அட்டையை நகலெடுப்பது கடினமாகிவிட்டதால், அட்டைக்காரரின் வாயைத் திறக்கவைப்பதே அவர்களின் தொழிலாயிற்று. வெகுமதிப் புள்ளிகள் இன்றிரவு காலாவதியாகின்றன என்பார்கள். அட்டை முடக்கப்படும் என்பார்கள். சிலர் ஸலாம் கூறியே பேச்சைத் தொடங்குகிறார்கள்.

எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், நாற்பதாண்டுகள் மளிகைக் கடைக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதியவர், சென்ற ஆண்டு அப்படி ஓர் அழைப்பில் ஓடிபியைக் கூறிவிட்டார். 38,000 ரூபாய் போயிற்று. பிள்ளைகள் ஏசுவார்களே என்ற நாணத்தில் அவர் எவரிடமும் மூச்சுவிடவில்லை. மறுநாள் அதே மனிதன் மீண்டும் அழைத்து, போன பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி வேறொரு எண்ணைக் கேட்டிருக்கிறான். அதையும் கூறினார். ஐந்தாம் நாள் மஃக்ரிபுக்குப் பின் பேரனை மட்டும் தனியே அழைத்துச் சொன்னார். அன்றிரவே அட்டை முடக்கப்பட்டது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் பதியப்பட்டது. பணம் கிடைக்கவில்லை. முதல் நாளே கூறியிருந்தால் இரண்டாம் முறை எடுத்த 22,000 ரூபாயேனும் தப்பியிருக்கும்.

அவரை ஒருவரும் ஏசவில்லை. ஏசக் கூடாது என்று அவர் துணைவியார் முன்னதாகவே எல்லோருக்கும் கூறிவைத்திருந்தார். இப்போது அவ்வீட்டுக் கூடத்தில் தொழுகை நேர அட்டவணையின் கீழே, வங்கியின் அட்டை முடக்கும் எண்ணும் 1930உம் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன. எழுதி ஒட்டியவர் அந்தப் பெரியவரே.