எம் பேண்ட்: ஒரு பெயரின் கதை

ஊரிலிருந்து போன் செய்து "பரேலுக்குப் போகணும்" என்று சொன்னால் தாராவி, மாட்டுங்கா, செம்பூரில் இருக்கும் நம்மவர்கள் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. டாடா ஆஸ்பத்திரி. 1941 பிப்ரவரி 28-ல் திறந்த நாளிலிருந்து எத்தனை ஊர்க்காரர்கள் அதன் படியேறியிருப்பார்களோ! மாட்டுங்காவிலிருந்து தாதருக்கு அடுத்த ஸ்டேஷன். செம்பூர்க்காரர்கள் குர்லாவில் வண்டி மாற வேண்டும். துணைக்குப் போகிறவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்வது.

நான் லேபில் வேலை பார்ப்பவன் என்பதால் அந்த வேலை என் தலையில் அடிக்கடி விழும். அதில் ஒரு வரி மட்டும் வீட்டையே கலக்கிவிடும்: 'எம் பேண்ட் காணப்படுகிறது'. பையன் கூகிளில் தேடுவான், 'மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்' என்று வரும், அத்தை அழ ஆரம்பித்துவிடுவார். ஆனால் எம் பேண்ட் என்றாலே புற்றுநோய் அல்ல. இதைத் தெளிவாகச் சொல்ல மருத்துவத்துக்கே நூறு வருஷத்துக்கு மேல் பிடித்தது.

முதலில் அந்தப் பேண்ட் என்னவென்று பார்த்துவிடுவோம். எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் இருக்கின்றன. கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைத் தயாரிப்பவை இவை. செல்லுக்குச் செல் சரக்கு வேறு. ரத்தத்தின் சீரத்தை மின்சாரத்தில் ஓடவிட்டால் (எலக்ட்ரோபோரசிஸ், 1937-ல் டிசெலியஸ் என்ற ஸ்வீடன்காரர் கொடுத்த முறை) ஆன்டிபாடிகள் அகலமான ஒரு மேடாகத் தெரியும். தாதர் ஸ்டேஷன் கூட்டம் மாதிரி, ஆளுக்கு ஒரு சட்டை. ஒரே ஒரு செல்லின் வம்சம் மட்டும் பெருகிவிட்டால்? எல்லாரும் ஒரே கம்பெனி யூனிபார்மில் இறங்கிய மாதிரி, மேட்டின் நடுவே ஊசிமுனை ஒன்று எழும்பும். அதுதான் எம் பேண்ட்.

நோய் அந்த மெஷினுக்கு ரொம்ப மூத்தது. லண்டனில் சாரா நியூபரி என்ற 39 வயதுப் பெண்ணுக்கு எலும்பெல்லாம் வலி. கணவர் தூக்கிப் படுக்கையில் கிடத்தும்போதே தொடை எலும்பு முறிந்தது. 1844-ல் இறந்தார். கொடுத்த மருந்துகளில் ஆரஞ்சுத் தோல் கஷாயமும் ஒன்று!

அடுத்த வருஷம் தாமஸ் மெக்பீன் என்ற லண்டன் வியாபாரி. இவருடைய சிறுநீரில் ஏதோ விசித்திரம் இருப்பதை முதலில் கவனித்தவர் டாக்டர் வில்லியம் மெக்கின்டயர். ஆசிட் விட்டால் உறைகிறது, சூடாக்கினால் கரைகிறது, ஆறினால் மறுபடி உறைகிறது. முட்டையை வேக வைத்தால் கெட்டியாகும், இது தலைகீழ். மாதிரி ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற வேதியியல் டாக்டருக்குப் போனது. 'இது என்ன?' என்ற கேள்வியும் கூடவே போனது. மெக்பீன் 1846 ஜனவரி 1-ல் இறந்தார். பென்ஸ் ஜோன்ஸ் 1847-48-ல் கட்டுரை எழுதினார், அந்தப் புரதத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மெக்கின்டயர் 1850-ல் எழுதினார். இன்றைக்கு அவரை யாருக்குத் தெரியும்? கண்டவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு. ஆபீஸில் நடக்காததா? :-)

அது ஆன்டிபாடியின் ஒரு துண்டு (லைட் செயின்) என்று எடெல்மனும் கேலியும் காட்டியது 1962-ல்தான். ஆக, 'இது என்ன' என்ற கேள்விக்குப் பதில் வர 117 வருஷம்!

நடுவில் 1873-ல் ருஸ்டிட்ஸ்கி 'மல்டிபிள் மைலோமா' என்று பெயர் வைத்தார். அடுத்த குழப்பம் 1944-ல் ஸ்வீடனில். யான் வால்டன்ஸ்ட்ராம் இரண்டு நோயாளிகளைப் பார்த்தார். மூக்கிலும் வாயிலும் ரத்தக் கசிவு, ரத்த சோகை, கூழ் மாதிரி தடித்த ரத்தம். ஆனால் எலும்பில் கோளாறில்லை. மைலோமா என்று சொல்ல முடியாது. இவர்களிடம் மிகுந்திருந்தது மிகப் பெரிய ஆன்டிபாடி, இன்று ஐஜிஎம் என்கிறோம். இந்த அபூர்வப் புற்றுநோய் இப்போது அவர் பெயரிலேயே இருக்கிறது. 1960-களில் பிராங்க்ளினும் செலிக்மனும் ஆன்டிபாடியின் பெரிய துண்டு மட்டும் மிகும் 'ஹெவி செயின்' நோய்களைக் கண்டார்கள். குடும்பம் பெரிதாகிக்கொண்டே போனது.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இனிமேல்தான். பேண்ட் இருந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை என்ன செய்வது? 'தீங்கற்றது' என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ராபர்ட் கைல் அப்படிப்பட்ட 241 பேரை விடாமல் தொடர்ந்து பார்த்தார். பலருக்கு ஒன்றும் ஆகவில்லை, சிலருக்கு மைலோமாவே வந்தது. முன்கூட்டிப் பிரித்தறிய வழியில்லை. ஆகவே 1978-ல் 'தீங்கற்றது' என்பதை எடுத்துவிட்டு 'முக்கியத்துவம் தீர்மானிக்கப்படாதது' என்று பெயர் வைத்தார். சுருக்கமாக எம்ஜியூஎஸ். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பெயர் மருத்துவத்தில் அபூர்வம், எனக்கு ரொம்பப் பிடித்தது. பிறகு அவருடைய குழுவே கணக்கும் சொன்னது: ஐம்பது தாண்டியவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இது உண்டு, அவர்களில் வருஷத்துக்கு நூற்றில் ஒருவருக்குத்தான் முற்றுகிறது. (அமெரிக்கக் கணக்கு, நம் ஊருக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம்.)

2003-ல் சர்வதேசக் குழு ஒன்று கோடு கிழித்தது. பேண்ட் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே, மஜ்ஜையில் பிளாஸ்மா செல் 10 சதவீதத்துக்குக் கீழே, உறுப்பு எதுவும் கெடவில்லை என்றால் எம்ஜியூஎஸ். அளவு கூடியும் உறுப்பு கெடாவிட்டால் 'புகையும்' மைலோமா. உறுப்பு கெட்டால்தான் முழு மைலோமா. கெட்டதா என்று பார்க்க நான்கு: கால்சியம், கிட்னி, ரத்த சோகை, எலும்பு. ஆங்கிலத்தில் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'கிராப்', நண்டு. புற்றுநோயின் ஆங்கிலப் பெயருக்கும் நண்டு என்றே மூலம், நம் கடக ராசி இருக்கிறதே அதே நண்டு. 2014-ல் விதியை மாற்றினார்கள். மஜ்ஜையில் 60 சதவீதம் தாண்டிவிட்டால் எலும்பு உடையும்வரை காத்திருக்காதே என்று.

இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில்தான் ஒரு குடும்பத்தின் பணமும் நிம்மதியும் இருக்கிறது. இந்தப் பக்கம் என்றால் பெரும்பாலும் ஆறு மாதமோ வருஷமோ ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான். அந்தப் பக்கம் என்றால் தாமதிக்கக் கூடாது. நம் நாட்டில் முதுகெலும்பு நொறுங்கினால் முதலில் சந்தேகப்படுவது டிபியை. டிபி மருந்திலேயே மாதங்கள் ஓடிவிட்ட மைலோமா நோயாளிகள் உண்டு.

நடிகை கிரண் கேர் கதை பலருக்கு நினைவிருக்கும். 2020 நவம்பரில் சண்டிகர் வீட்டில் கை முறிந்தது, பரிசோதனையில் மைலோமா என்று தெரிந்தது, மும்பையில் சிகிச்சை. சாராவுக்கும் எலும்பு முறிவுதான். ஆனால் சாராவுக்குக் கிடைத்தது கஷாயம். 'நேதாஜி' தமிழ்ப் படத்தில் சரத்குமாரோடு நடித்த லிசா ரேக்கு 2009-ல் கனடாவில் இதே நோய். அடுத்த வருஷம் ஸ்டெம் செல் மாற்றம் செய்துகொண்டார், பிறகு நடிக்கவும் எழுதவும் செய்தார்.

மஜ்ஜை மாற்றம் என்பதை இந்தியாவில் முதலில் செய்தது நம் பரேலில்தான். 1983-ல் டாடாவில் டாக்டர் சுரேஷ் அத்வானி, வேறொரு ரத்தப் புற்றுநோய் வந்த சிறுமிக்குச் செய்தார். போலியோவால் சக்கர நாற்காலியில் இருப்பவர் அவர். 1999-ல் தாலிடோமைட் மைலோமாவுக்கு உதவும் என்று தெரிந்தது. கருவிலிருந்த குழந்தைகளை ஊனமாக்கியதால் 1960-களில் விலக்கப்பட்ட அதே மாத்திரை! அதன் பிறகு மருந்துகள் வரிசையாக வந்தன. முழுக்கக் குணமாகிறது என்று இன்றைக்கும் சொல்வதற்கில்லை, ஆனால் பல வருஷம் ஓட்டுகிறவர்கள் நிறைய.

ஆகவே அடுத்த முறை பரேலுக்குத் துணைக்குப் போனால், ரிப்போர்ட்டில் அந்த வரி இருந்தால், டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: பேண்ட் எவ்வளவு, மஜ்ஜையில் எத்தனை சதவீதம், அந்த நான்கில் எது கெட்டிருக்கிறது. பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் பையில் வைத்துக்கொண்டு போங்கள். பேண்ட் வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.