டாலிலின் ரயில்வே
வேல்ஸின் மேற்குக் கரையிலுள்ள டவின் நகரிலிருந்து மலையடிவாரத்து நான்ட் குவெர்னோல் வரை, சுமார் 12 கி.மீ. ஓடும் குறுகிய பாதை நீராவி ரயில். பிரின் எக்லுவிஸ் குவாரியின் சிலேட்டுக்கல்லைக் கொண்டுவர 1860களில் அமைக்கப்பட்டது. குவாரி 1946இல் மூடியது. 1950இல் உரிமையாளர் ஹெய்டன் ஜோன்ஸ் மறைந்ததும் பாதையும் அழியும் நிலை. அவ்வாண்டே எழுத்தாளர் டாம் ரோல்ட்டும் ஆர்வலர்களும் பர்மிங்காமில் கூடிச் சங்கம் அமைத்து, 1951 மே மாதம் ரயிலை ஓட்டினர். தன்னார்வலர்கள் காப்பாற்றி நடத்திய உலகின் முதல் ரயில் பாதை இதுவே. பிற்காலப் பாரம்பரிய ரயில் சங்கங்கள் பலவும் இதற்குக் கடன்பட்டவை. ‘டாலிலின்’, ‘டோல்கோக்’ என்னும் தொடக்கக்கால எஞ்சின்கள் இரண்டும் இன்றும் இங்கேயே உள்ளன. 1984இல் தொடங்கிய ஓட்டப்பந்தயத்தில், வீரர்கள் வயல்வெளி வழியே ரயிலோடு போட்டியிட்டு ஓடுகிறார்கள்.