மன்னார் முத்துக்குளிப்பும் உடலியக்க ஆராய்ச்சியும்

மன்னார்க் கடலின் முத்துப் பார்களைப்பற்றி எழுதப்பட்டவை பல. அங்கே மூழ்கிய மனிதனின் உடலைப்பற்றி எழுதப்பட்டவையோ சில. 1902இல் இங்கு வந்த லிவர்ப்பூல் பேராசிரியர் ஹேர்ட்மனும் அவர்தம் துணைவர் ஹோர்னலும் நிகழ்த்திய ஆராய்ச்சியை றோயல் சங்கம் 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்டது. சிப்பியின் வாழ்வும் பகையும் அதில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. குளியாளின் உடல் அவ்வாறு ஆராயப்படவில்லை.

சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளில் வழங்கிய முறையை நோக்குக. ஒரு கல்லுக்குக் குளியாட்கள் இருவர். ஒருவர் மூழ்க, மற்றவர் இளைப்பாறுவர். கயிற்றில் தொங்கும் கனத்த கல்லிற் காலூன்றி இறங்குவர். தோழர் கயிற்றை இழுக்க மேலெழுவர். இறங்கவும் ஏறவும் தசைகள் உழைக்காமையால் மூச்சிலுள்ள உயிர்வளி அடித்தரையில் தொழில் செய்வதற்கே மிஞ்சும். பள்ளிக்கூடம் காணாதார் கண்ட உடலியல் இது!

1907க்குப்பின் பெருங்குளிப்புகள் ஓய்ந்தன. 1960களிலேதான் பஃபலோ பல்கலைக்கழக உடற்றொழிலியற் பேராசிரியர் ரானும் கொரிய அறிஞர் ஹொங்கும் கொரிய, யப்பானியக் குளிபெண்களை முறையாக ஆராய்ந்தனர். எடையின் துணையால் இறங்கிக் கயிற்றால் ஏறும் யப்பானியப் பெண்கள், தாமே நீந்தி மூழ்குவோரினும் ஆழஞ் சென்று நெடிது தங்குதலைக் கண்டனர். அதுவே நம்மவர் முறை. மாரியிற் கொரியப் பெண்களின் உடல் மிகுந்த வெப்பத்தை உண்டாக்குதலையும் அளந்தனர்; 1970களில் இறப்பர் உடை வந்தபின் அவ்வியல்பு சில ஆண்டுகளில் மறைந்தது.

கொரியாவில் மறையுமுன் அளந்துவிட்டனர். மன்னாரில் இன்று சங்கும் கடலட்டையும் தேடுவோர் பலர் காற்றுருளை சுமந்தே இறங்குகின்றனர்.