முத்தழகுபட்டி அன்னதானம்

திண்டுக்கல் நகரைச் சேர்ந்த முத்தழகுபட்டியில், புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழாவையொட்டி ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் நடைபெறும் பொதுவிருந்து. கொள்ளைநோயிலிருந்து காப்பவராகப் போற்றப்படும் செபஸ்தியாருக்கு, வேண்டுதல் நிறைவேறியவர்கள் ஆடு, கோழி, அரிசி, தக்காளி, வெங்காயம், கத்தரிக்காய் முதலியவற்றைக் காணிக்கையாகத் தருகின்றனர். இந்தக் காணிக்கைகளே விருந்தின் சமையற்பொருள்கள். வீட்டில் வளர்த்த ஆட்டை ஒருவர் ஓட்டி வருவார், இன்னொருவர் ஒரு படி அரிசியோடு வருவார். எல்லாம் ஒரே உலையில் சேர்ந்துவிடுகின்றன. யார் கொடுத்தது எது என்று பிரித்தறிய முடியாத இந்தக் கலப்புதான் இவ்வழக்கத்தின் தனிச்சிறப்பு.

ஊர்மக்கள் கூடிக் காய் நறுக்கி, இறைச்சி வெட்டி, பெரும் அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஆக்குகின்றனர். பரிமாறல் இரவு நெடுநேரம் நீள்கிறது. கிறித்தவர், இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடின்றிப் பல்லாயிரவர் பந்தியில் அமர்ந்து உண்கின்றனர். பாத்திரங்களில் வாங்கி வீட்டுக்கு எடுத்துச் செல்வோரும் பலர்.

அண்மையிலுள்ள ஒட்டன்சத்திரத்தில் தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்று இயங்குகிறது. விளைச்சல் மிக்க இவ்வட்டாரத்தில், விலைபேசாமல் உணவு கைமாறும் நிகழ்வுகளில் குறிப்பிடத்தக்கது இந்த அன்னதானம்.